ரீச்சரிடம் கேளுங்கள்: மழைக்கு முன் ஒரு கூரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஆலயக் கட்டட வேலை பற்றியவை. நான்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். நான் திருகோணமலையில் வணிகக் கல்வி படிப்பித்தவள். எங்கள் ஆலயத்தில் பதினான்கு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவள். கட்டடக் கலை எனக்குத் தெரியாது. காணிக்கைக் காசு எப்படி வருகிறது, எப்படி நின்றுபோகிறது என்பது தெரியும்.

கேள்வி: அன்புள்ள ரீச்சர், எங்கள் ஆலயம் நிலாவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. தொடங்கும்போது முப்பது குடும்பங்கள். இன்று நூறைத் தாண்டிவிட்டோம். ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்களில் பாதிப் பேர் வெளியே பந்தலில் கதிரை போட்டு இருக்கிறார்கள். மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பிரசங்கம் கேட்பதில்லை. ஞாயிறு பாடசாலை வேப்ப மரத்தின்கீழ் நடக்கிறது. மண்டபத்தை நீட்டி, கூரையை மாற்றி, இரண்டு மலசலகூடங்களும் கட்ட 68 இலட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். “மாதம் ஆயிரம் ரூபாய் தாருங்கள்” என்று மூன்று மாதமாக ஆராதனை முடிவில் அறிவித்து வருகிறோம். 4 இலட்சம்கூடச் சேரவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எழுதுவோம் என்கிறார்கள் சிலர். இரவு விருந்து வைத்து டிக்கெட் விற்போம் என்கிறார்கள் வேறு சிலர். எதை முதலில் செய்வது?
– பரிபாலன சபைச் செயலாளர், நிலாவெளி

பதில்: உங்களுக்கு முப்பத்தாறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் தம்பி என்றே அழைக்கிறேன்.

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: “68 இலட்சம் ஆகும் என்கிறார்கள்.” யார் சொன்னது? மேசன் வாசலில் நின்று கண்ணால் அளந்து சொன்ன தொகையா, வரைபடம் போட்டு அளவுப் பட்டியல் எடுத்துக் கணக்கிட்டதா? உங்கள் சபை மக்களும் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் காணிக்கைத் தட்டில் ஐந்நூறு ரூபாயைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பட்டியல் வேண்டும். எத்தனை பை சீமெந்து, எத்தனை கியூப் மணல், எத்தனை தகடு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிய பட்டியல். உங்கள் சபையில் யாராவது ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் கட்டாயம் இருப்பார், இல்லாவிட்டால் அவருடைய மைத்துனராவது இருப்பார். அதில் விலைகள் எடுத்த திகதியையும் எழுதச் சொல்லுங்கள். 2022இல் சீமெந்துப் பையின் விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வருடம் பழைய மதிப்பீட்டை நம்பிச் சுவர் எழுப்பிய பல பேர், கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லின்டல் மட்டத்தில் நின்றுவிட்டார்கள்.

இன்னொன்று. கடற்கரைக்கு நடந்து போகும் தூரம் என்கிறீர்கள். உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை சட்டப்படி கரையோர வலயம். அந்த எல்லைக்குள் உங்கள் காணி வருமென்றால், பிரதேச சபையின் கட்டட அனுமதியோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். காணி உறுதி, நில அளவை வரைபடம் எல்லாவற்றையும் கோப்பில் போட்டு முதலில் அதற்கு அலையுங்கள். காசு சேர்த்த பிறகு அனுமதி கிடைக்காமல் போனால், அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வேறு வேலைக்கு எடுக்கவும் கூடாது.

இப்போது பெரிய விடயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் அறிவித்தும் 4 இலட்சம் என்பது ஏழ்மையால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆலயத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்களும் ஒருமுறை தரை போடுவதற்கு இப்படித்தான் கிழமைக்குக் கிழமை அறிவித்தோம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் நடந்தபோது, இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அம்மா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. “மகள், போன வருடம் மின்விசிறிக்கு என்று காசு சேர்த்தீர்களே, அது என்ன ஆயிற்று?” என்றார். மின்விசிறிகள் நான்கும் அவருடைய தலைக்கு மேலேதான் சுழன்றுகொண்டிருந்தன. ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்வி. மின்விசிறி வாங்கிப் பொருத்திய பிறகு 11,450 ரூபாய் மிஞ்சியிருந்தது. என் புத்தகத்தில் அது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது, வங்கியிலும் இருந்தது. என்னையும் குருவானவரையும் தவிர வேறு எவருக்கும் அது தெரியாது. அன்று எனக்கு முகம் சிவந்துவிட்டது. கணக்கில் பிழை விடாத ஆசிரியை என்று பேர் எடுத்தவள் நான். பிழை இல்லாத கணக்கைப் பூட்டி வைத்திருந்தேன்.

அன்றிரவு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். வந்தது, செலவானது, மிச்சம். மின்விசிறி நான்கு, வயர், சுவிட்ச், பொருத்தியவருக்குக் கூலி, அவருக்குத் தேநீர் வாங்கிய 120 ரூபாய் வரை. அடுத்த ஞாயிறு காலையில் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக வைத்து, உதடு அசைய வாசித்தார். மணி அடித்த பிறகும் வாசித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். இரண்டு கிழமை கழித்து ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முழுக்க பத்து ரூபாய்க் குற்றிகள். மாவும் தேங்காய்ப்பூவும் ஒட்டிய குற்றிகள். எண்ணி முடித்தபோது என் விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது. 3,740 ரூபாய். “தரைக்கு எழுதுங்கள்” என்றார்.

அதன் பிறகு நான் பொருளாளராக இருந்த காலம் முழுவதும் அந்தத் தாள் மாதத்தின் முதல் ஞாயிறு வாசலில் ஒட்டப்பட்டது. ஆகவே உங்கள் முதல் வேலை இதுதான், தம்பி: சேர்ந்த அந்த 4 இலட்சத்தின் கணக்கை வருகிற ஞாயிறே ஒட்டுங்கள். அடுத்த அறிவித்தல் அதற்குப் பிறகு.

வேதத்தில் 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை உங்கள் சபை உட்கார்ந்து வாசிப்பது நல்லது. யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி காணிக்கைப் பணத்தை ஆசாரியர்கள் கையில் விடுகிறான். அவன் அரசாண்ட இருபத்துமூன்றாம் வருடம் வந்தும் ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. பிறகுதான் யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைக்கிறான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் ஆளும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணுகிறார்கள். எண்ணிய பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் போகிறது. ஆசாரியர்கள் திருடினார்கள் என்று அங்கே எழுதப்படவில்லை. பொதுப் பையில் விழுந்த காசு கரைந்துபோயிற்று, அவ்வளவுதான். தனிப் பெட்டி, பார்வையில் இருக்கும் இடம், எண்ணுவதற்கு இரண்டு வேறு ஆட்கள். நான் படிப்பித்த கணக்கியல் புத்தகங்களில் இதற்கு மேல் அதிகம் இல்லை.

ஆகவே கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, கூட்டுக் கையொப்பம், இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம். எண்ணுகிறவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. அன்றே எண்ணி அன்றே எழுதி, திங்கட்கிழமை காலையில் வங்கியில் போட்டுவிடுங்கள். குருவானவரின் கையில் காசைக் கொடுக்காதீர்கள். அவரைக் காப்பாற்றுவதற்காகவே சொல்கிறேன்.

அடுத்தது, கேட்கும் முறை. உங்கள் அறிவித்தலில் “மாதம் ஆயிரம் ரூபாய்” என்று கேட்டிருக்கிறீர்கள். நிலாவெளியில் எத்தனை வீட்டுக்கு மாதச் சம்பளம் வருகிறது? அரச உத்தியோகத்தர்களுக்கு வரும். அவர்களிடம் மாதமாகக் கேளுங்கள். கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்குக் கச்சான் காற்றுக் காலத்தில்தான் கை நிறையக் காசு; வாடைக் காற்று தொடங்கி கடல் கொந்தளித்தால் படகு கரையில் ஏறிவிடும், வீட்டில் அடகுச் சீட்டு இறங்கிவிடும். ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறவர்களுக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் வருமானம். தம்பலகாமத்தில் வயல் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் காசு. இவர்கள் எல்லோரிடமும் டிசம்பரில் மாதக் காணிக்கை கேட்டால், கொடுக்க முடியாத வெட்கத்தில் ஆராதனைக்கே வராமல் விட்டுவிடுவார்கள். அப்படி நின்றுபோன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய், “உங்களுக்கு எந்த மாதம் வசதி?” என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொகையை அவர்களே சொல்லட்டும். அந்தக் கொப்பியைப் பார்த்தாலே எந்த மாதத்தில் எந்த வேலையைத் தொடங்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எந்த வேலை முதலில்? மலசலகூடம். கூரை என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆலயத்தில் வயதான பெண்கள் ஞாயிறு காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். ஏன் என்று ஆண்கள் யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டைத் தட்டிப் போக வேண்டியிருந்ததால்தான். நீரிழிவு உள்ளவர்கள் பாதி ஆராதனையில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். மொத்த வேலையில் அது சிறிய பங்கு. இரண்டு மாதத்தில் முடித்துக் காட்டலாம். சக்கர நாற்காலி போகும் அகலத்தில் கதவு வைத்து, படிக்குப் பதிலாகச் சாய்தளம் வையுங்கள். முடிந்த ஒரு வேலையைக் கண்ணால் பார்த்த சபையிடம் அடுத்த வேலைக்குக் கேட்பது இலேசு.

வெளிநாட்டுக்கு எழுதுவது அதற்குப் பிறகு. கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் இருப்பவர்களிடம் ஊர்க்கோயில், ஊர்ப் பாடசாலை, விளையாட்டுக் கழகம் என்று ஒவ்வொரு கிழமையும் யாராவது கேட்கிறார்கள். அவர்களும் இரண்டு வேலை செய்து வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள். ஊரில் நாங்கள் இவ்வளவு போட்டோம், இதை முடித்தோம், கூரைக்கு இவ்வளவு குறைகிறது என்று வாசல் தாளின் பிரதியோடு எழுதுங்கள். உங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்; அங்கே ஞானஸ்நானம் பெற்று, போர்க்காலத்தில் புறப்பட்டுப் போனவர்களின் பெயர்கள் இருக்கும். அவர்களுடைய பதிவுப் பக்கத்தைப் படம் எடுத்துக் கடிதத்தோடு அனுப்புங்கள். நாங்கள் அப்படி அனுப்பியபோது, முப்பது ஆண்டாகத் தொடர்பே இல்லாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து அழுதார். காசு ஆலயத்தின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். தனியார் பெயருக்கு ஒருபோதும் வேண்டாம். வேலை முடிந்த பிறகும் கணக்கு அனுப்புங்கள். அதை அநேகர் மறந்துவிடுகிறார்கள்.

விருந்து டிக்கெட் பற்றி: நாங்கள் ஒருமுறை செய்தோம். பெண்கள் இரண்டு இரவு கண் விழித்துச் சமைத்தார்கள். இறைச்சி, அரிசி, கதிரை வாடகை போக மிஞ்சியதைப் பார்த்தபோது, சமைத்த பெண்களின் கூலியை எடுத்து ஆலயத்துக்குக் கொடுத்தது போல இருந்தது. நான் மறுபடி செய்யமாட்டேன். விளைச்சல் விழா ஏலம் நல்லது. அவரவர் வளவில் காய்த்த பூசணியும் வாழைக்குலையும் தேங்காயும் செலவில்லாமல் வருகின்றன. ஒரு பூசணியை ஒருவர் எடுத்து மறுபடி ஏலத்துக்கே கொடுக்க, அது மூன்று கை மாறும். பிள்ளைகளுக்கும் சந்தோஷம்.

கடைசியாக, ஒப்பந்தக்காரருக்கு முற்பணம் அதிகம் கொடுக்காதீர்கள். எங்களிடம் பாதித் தொகையை முன்னமே வாங்கிய ஒருவர், அத்திவாரம் வெட்டியதோடு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். அந்தக் குழியில் ஒரு மாரி முழுக்கத் தண்ணீர் நின்றது. சேர்த்துத் தந்தவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். அந்த முற்பணத்துக்குக் கையொப்பம் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. வேலை முடிந்த அளவுக்குக் காசு கொடுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, ஒரு வாடை மழை கூரையில் இறங்கிப் பார்த்த பிறகு கொடுப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் ஒருவர் 10 இலட்சம் தருகிறார். தம் தகப்பனாரின் பெயரைப் பளிங்குக் கல்லில் பொறித்து முகப்பில் வைக்க வேண்டும் என்கிறார். மறுத்தால் வேலை நின்றுபோகும். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, உவர்மலை

பதில்: அவரைக் குறைவாக நினைக்காதீர்கள், அக்கா. தகப்பனை நினைக்கிற பிள்ளை அவர். ஆனால் முகப்பில் ஒரு பெயர் ஏறினால், அந்த டின்னில் 3,740 ரூபாய் கொண்டுவந்த அம்மா எங்கே நிற்பார் என்று யோசியுங்கள். அவர் கொடுத்தது அவருடைய வருமானத்தில் எவ்வளவு பெரிய பங்கு என்பது எண்ணிய எனக்குத் தெரியும்.

நாங்கள் செய்தது இது. பெரிய அட்டைப் புத்தகம் ஒன்றை வாங்கி, கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயரையும் தொகை இல்லாமல், அகர வரிசையில் கையால் எழுதினோம். யாரை நினைத்துக் கொடுக்கிறார்களோ அந்தப் பெயரையும் எழுதினோம். ஒவ்வொரு ஆண்டும் ஆலய நினைவு நாளில் அது முழுவதும் வாசிக்கப்படும். அரை மணி நேரம் ஆகும், எவரும் எழுந்து போவதில்லை. குருவானவரும் நீங்களும் அவருடைய வீட்டுக்குப் போய், தேநீர் குடித்து, தகப்பனாரைப் பற்றி அவர் சொல்வதை முதலில் கேளுங்கள். பிறகு இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எங்களிடம் கல் கேட்டவர், கடைசியில் புத்தகத்தின் முதற்பக்கத்தைத் தம் கையால் எழுதித் தந்தார். உங்களுடையவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்த 10 இலட்சம் இல்லாமலே தொடங்குங்கள். வேலை ஓராண்டு பிந்தினால் பிந்தட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் கட்டட நிதிக்குக் காசு தர வந்தது. வாங்கலாமா என்று சபையில் வாதம். உங்கள் கருத்து?
– வாசகர், அன்புவழிபுரம்

பதில்: வாங்குங்கள், பற்றுச்சீட்டும் கொடுங்கள். இதில் வாதம் நடந்தது எனக்குக் கவலை தருகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஆலயத்திலும் யார் யார் பாய் விரித்துப் படுத்தார்கள் என்பதை அன்புவழிபுரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? எங்கள் தரைக்குச் சீமெந்து தந்தவர் ஒரு முஸ்லிம் வியாபாரி. வாங்கிய விலைக்கே கொடுத்தார், ஆறு மாதத் தவணையில். நாங்கள் கேட்கவில்லை, “வழிபாட்டு இடத்துக்கு இலாபம் வைக்கமாட்டேன்” என்று அவரே சொன்னார். அவருடைய கணக்கைத் தீர்த்த நாளில் எங்கள் பெண்கள் சங்கம் ஒரு தட்டுக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தது. அந்த இந்துக் குடும்பத்தின் கோயில் திருவிழாவுக்கு நீங்களும் தண்ணீர்ப் பந்தல் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலயக் கூரைத் தகரம் எட்டு ஆண்டில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மறுபடி தகரமே போடலாமா? செப்டெம்பர் இறுதியில் காசு சேர்ந்துவிடும்.
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன். கடற்கரையில் தகட்டுக்கு முன் துருப்பிடிப்பது, அதைப் பிடித்திருக்கும் ஆணிதான். ஆணி அரித்ததும் ஓட்டை பெரிதாகி, காற்று தகட்டைத் தூக்குகிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை ஏறியதை மறந்திருக்கமாட்டீர்கள். சாதாரண துத்தநாகத் தகரத்தைவிட அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடு உப்புக்காற்றில் கூடுதல் காலம் நிற்கும். விலை கூட. ஆணிக்குப் பதிலாக இறப்பர் வாசர் உள்ள, துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள்; மரச்சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டச் சொல்லுங்கள். கொங்கிரீட் வேலை இருந்தால் கடல் மணலை எவர் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பியை உப்பு தின்றுவிடும். மகாவலி மணல் தருகிறோம் என்று வருபவரிடம் அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள்.

செப்டெம்பர் இறுதியில் காசு சேர்ந்தால் சாமான்களை வாங்கி உள்ளே அடுக்கி வைத்துவிட்டு, தை பிறக்கும் வரை பொறுத்திருங்கள். ஒக்டோபரில் கூரையைப் பிரித்தால் மழை உங்களுக்காகக் காத்திருக்காது. இந்த மாரிக்கு ஓட்டைகளுக்குத் தார்த் துணி ஒட்டிச் சமாளியுங்கள். பழைய தகரத்தை இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டாம். நல்ல துண்டுகளைப் பிரித்தெடுத்தால், வேலை நடக்கும் மாதங்களில் பிள்ளைகளின் ஞாயிறு பாடசாலைக்கு ஒரு கொட்டகை போடலாம்.